எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) வைத்து ஓட்டும்போது இடித்துவிட்டால் கிளெய்ம் கிடைக்குமா?

ரிவர்ஸ்கியர்_திருப்பூர்:
வணக்கம். இரண்டு நாளாக வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

2021 மாடல் வேகன்ஆர். மனைவிக்கு எல்.எல்.ஆர். எடுத்து 40 நாள் ஆகிறது. தினமும் காலை ஐந்தரைக்கு நான் பக்கத்தில் உட்கார, அவர் ஓட்டிப் பழகுகிறார். முன்னும் பின்னும் எல் போர்டு ஒட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பழகி முடித்துத் திரும்பி, வீட்டுக்குள் ரிவர்ஸ் எடுக்க வேண்டிய நேரத்தில் நான் இறங்கிவிட்டேன். பின்னால் நின்று "வா, வா, இன்னும் வா" என்று கை காட்டினேன். "நிறுத்து" என்றதும் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டார். எதிர் வீட்டு கேட் தூணில் போய் இடித்தது. பின் பம்பர், ஒரு டெயில் லேம்ப், டிக்கி கதவு எல்லாம் போச்சு. ஒர்க்‌ஷாப்பில் 34,500 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். தூணுக்கு 9,000 ஆகும் என்கிறார் எதிர் வீட்டுக்காரர். யாருக்கும் காயமில்லை.

ஃபுல் இன்சூரன்ஸ், பம்பர் டு பம்பர் (தேய்மானம் கழிக்காத கவர்) உண்டு. ஏஜென்ட் சொல்கிறார்: "எதுக்கு சார் வம்பு, நீங்கள் ஓட்டினதா எழுதிடுங்க. உங்ககிட்டதான் லைசென்ஸ் இருக்கே." மச்சானும் அதைத்தான் சொல்கிறான். மனைவி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. என்ன செய்யலாம்?

ரெண்டாம்_கியர்:
ஏஜென்ட் சொன்னபடி செய்யுங்கள். எல்.எல்.ஆர். என்றாலே கிளெய்ம் கிடையாது. ஊர் உலகத்தில் எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள்.

பழைய_சர்வேயர்:
இரண்டும் தவறு. இன்சூரன்ஸ் கிளெய்முக்காக இடிபட்ட வண்டிகளைப் பார்த்து நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயராக 22 வருடம் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் பாலிசியை எடுத்து, ஓட்டுநர் யார் என்று சொல்லும் பத்தியைப் படியுங்கள். பிரைவேட் கார் பாலிசி எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அந்த வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யாரும் ஓட்டலாம். அதற்கு அடுத்த வரியிலேயே, எல்.எல்.ஆர். வைத்திருப்பவரும் ஓட்டலாம், ஆனால் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3-ஆவது விதிப்படி நடந்திருக்க வேண்டும் என்று இருக்கும். ஆக, எல்.எல்.ஆர்.காரர் ஓட்டுவதை பாலிசியே அனுமதிக்கிறது. "எல்.எல்.ஆர். என்றாலே கிடையாது" என்பது டீக்கடைச் சட்டம்.

விதி 3 கேட்பது: எல்.எல்.ஆர். அன்றைக்கு உயிரோடு இருக்க வேண்டும் (ஆறு மாதம்தான் ஆயுள்). அந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் உள்ள ஒருவர் கூட இருக்க வேண்டும், அதுவும் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்து. முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எல். 18 சென்டிமீட்டர் சதுரம், எழுத்து குறைந்தது 10 சென்டிமீட்டர் உயரம். போர்டை ஸ்கேல் வைத்து அளந்து கிளெய்மை மறுத்த யாரையும் நான் பார்த்ததில்லை. பக்கத்து சீட்டைக் கேட்காத சர்வேயரையும் பார்த்ததில்லை.

உங்கள் பிரச்சினை அங்கேதான். இடித்த நொடியில் நீங்கள் சீட்டில் இல்லை.

ரிவர்ஸ்கியர்_திருப்பூர்:
இறங்கியதே பின்னால் பார்த்துச் சொல்லத்தானே சார்? வண்டியிலிருந்து ஆறு அடிகூட இல்லை. கூட இருந்ததாகக் கணக்கு வராதா?

பழைய_சர்வேயர்:
வாதாடலாம். ஆனால் விதியில் "உட்கார்ந்து" என்று இருக்கிறது. ஆறு அடி தள்ளி நின்று கை காட்டுகிறவரால் ஹேண்ட் பிரேக் இழுக்க முடியாது. கம்பெனி அதைத்தான் சொல்லும்.

கிளட்ச்_அக்கா:
டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன், ஒரு வார்த்தை. எங்கள் வண்டியில் என் காலுக்குக் கீழேயும் பிரேக், கிளட்ச் இருக்கிறது. வீட்டு வண்டியில் உங்களுக்கு இருப்பது நடுவில் உள்ள ஹேண்ட் பிரேக் மட்டும்தான். இப்போது வரும் சில வண்டிகளில் அதுவும் பட்டனாகிவிட்டது. அப்படிப்பட்ட வண்டியில் மனைவிக்கோ பிள்ளைக்கோ சொல்லிக்கொடுக்கிறவர்கள், ஓடும்போது அதை இழுத்தால் என்ன ஆகும் என்று காலி மைதானத்தில் ஒருமுறை பார்த்து வையுங்கள்.

அப்புறம், பழகுகிறவர் ரிவர்ஸ் எடுக்கும்போது சொல்லிக்கொடுக்கிறவர் இறங்கவே கூடாது. என்னிடம் வரும் புருஷன்மார் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். முன்னால் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து கத்துவார்கள், கஷ்டமான ரிவர்ஸ் வந்ததும் இறங்கிப் போய் வெளியில் நின்று கத்துவார்கள். பின்னால் பார்க்க ஆள் வேண்டுமென்றால் மூன்றாவது ஆளை நிறுத்துங்கள்.

மாட்டுத்தாவணி_வக்கீல்:
மதுரையில் எம்.சி.ஓ.பி. (வாகன விபத்து இழப்பீடு) வழக்குகள் பார்க்கிறேன். இங்கே இரண்டு விஷயம் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது.

நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் நஷ்டம் தேர்டு பார்ட்டி. அதில் சட்டம் பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கிறது. 2004 ஜனவரியில் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: எல்.எல்.ஆர். வைத்திருப்பவரும் முறையாக லைசென்ஸ் பெற்றவரே. லைசென்ஸில் ஏதோ குறை இருந்தது என்று காட்டினால் மட்டும் கம்பெனி கழன்றுகொள்ள முடியாது. வண்டி உரிமையாளர் அலட்சியமாக இருந்தார், அந்த மீறல்தான் விபத்துக்கே அடிப்படை என்றெல்லாம் நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது. நிரூபித்தாலும் பல வழக்குகளில் "முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்" என்றுதான் உத்தரவு வரும். எங்கள் பாஷையில் பே அண்ட் ரெக்கவர். அந்த "பிறகு" வரும் நாளில்தான் பல குடும்பங்கள் வீட்டுப் பத்திரத்தைத் தேடுகின்றன.

நம் வண்டிக்கு நேர்ந்த நஷ்டம் ஓன் டேமேஜ். இது நமக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம், அவ்வளவுதான். இங்கே ஸ்வரண் சிங்கை இழுக்காதீர்கள். 2007-இல் லக்ஷ்மி நாராயண் தத் வழக்கில், அந்தப் பாதுகாப்பு தேர்டு பார்ட்டிக்கு மட்டும்தான், ஓன் டேமேஜுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கூகுளில் பாதி படித்துவிட்டு "எல்.எல்.ஆர். செல்லும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு" என்று வருகிறவர்கள் சறுக்கும் இடம் இது.

ரிவர்ஸ்கியருக்கு தூண் தேர்டு பார்ட்டி, பம்பர் ஓன் டேமேஜ்.

ரெண்டாம்_கியர்:
சரி வக்கீல் சார், இவ்வளவு சிக்கல் இருக்கும்போது ஆளை மாற்றி எழுதுவதில் என்ன தப்பு? யாருக்கும் அடி படவில்லை, போலீஸ் கேஸ் இல்லை. ஒழுங்காக பிரீமியம் கட்டுகிற மனிதர்தானே.

மாட்டுத்தாவணி_வக்கீல்:
கிளெய்ம் ஃபாரத்தில் உங்கள் கையெழுத்துக்கு மேலே "இதில் சொன்னதெல்லாம் உண்மை" என்று ஒரு வரி இருக்கும். யாரும் படிப்பதில்லை. எல்.எல்.ஆர். மீறல் பற்றி வாதாட இடமிருக்கிறது, சமரசத்துக்கும் இடமிருக்கிறது. பொய் சொன்னது தெரிந்தால் இரண்டும் இல்லை. முழு கிளெய்மும் போகும், மோசடிப் புகார் வரைக்கும் போகலாம். 34,500 ரூபாய்க்காகவா?

பழைய_சர்வேயர்:
கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை தம்பி. நான் போனதும் முதலில் டிரைவர் சீட் எவ்வளவு முன்னால் தள்ளியிருக்கிறது என்றுதான் பார்ப்பேன். ஆறடி ஆள் ஓட்டியதாகச் சொல்வார், சீட் ஸ்டியரிங்கோடு ஒட்டியிருக்கும். எல் போர்டு உரித்த பசைத் தடம் கண்ணாடியில் இருக்கும். வாட்ச்மேன், எதிர் வீட்டுக் குழந்தை எல்லாரும் கேட்காமலே சொல்வார்கள். இப்போது தெருவுக்கு நாலு கேமரா வேறு.

ரிவர்ஸ்கியர்_திருப்பூர்:
எதிர் வீட்டுக்காரர் வைத்திருக்கும் கேமரா எங்கள் கேட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. இப்போதுதான் ஞாபகம் வந்தது.

ரெண்டாம்_கியர்:
நான் என் யோசனையை வாபஸ் வாங்குகிறேன்.

ரிவர்ஸ்கியர்_திருப்பூர்:
அவருடைய ஐடியில் இருந்து மனைவி எழுதுகிறேன். அவர் ஒன்றை விட்டுவிட்டார். "வா வா" என்று கை காட்டியபோது இன்னொரு கையில் போன் பேசிக்கொண்டிருந்தார். "நிறுத்து" என்றது என்னிடமா போனிலா என்று எனக்குப் புரியவில்லை. பதற்றத்தில் காலை மாற்றி வைத்தது என் தப்புதான், அதை யார் பெயரிலும் எழுத வேண்டாம். நாளைக்கு யார் மேலாவது ஏற்றிவிட்டால் அப்போதும் "நான்தான் ஓட்டினேன்" என்று இவர் போய் நிற்பாரா? என் பெயரை எழுதினால்தான் நான் மறுபடி ஸ்டியரிங்கைத் தொடுவேன் என்று சொல்லிவிட்டேன்.

கிளட்ச்_அக்கா:
தங்கச்சி, நீங்கள் சீக்கிரம் நல்ல டிரைவர் ஆவீர்கள். செருப்பை மாற்றுங்கள். பட்டையான சோல் போட்டால் எந்த பெடல் என்று காலுக்குத் தெரியாது.

ஆக்லாந்து_தமிழன்:
நியூசிலாந்திலிருந்து. இங்கே "ரெஸ்ட்ரிக்டட்" என்றே ஒரு லைசென்ஸ் உண்டு. லேர்னருக்கும் ஃபுல்லுக்கும் நடுவில். தனியாக ஓட்டலாம், ஆனால் காலை 5 முதல் இரவு 10 வரைதான். மனைவி, கணவன், தன் பிள்ளைகள் போன்ற சிலரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக்கூடாது. மற்றபடி ஏற்ற வேண்டுமென்றால், ஃபுல் லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடமாவது ஆன ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

என் பையன் ஒரு நாள் இரவு பத்தரைக்கு இரண்டு நண்பர்களை ஏற்றி வந்திருக்கிறான். சிக்னலில் நின்றவனைப் பின்னால் வந்த வண்டி இடித்துவிட்டது. தப்பு பின்னால் வந்தவர் மேல்தான், ஆனாலும் எங்கள் கம்பெனி முதலில் கேட்டது பையனின் லைசென்ஸையும் நேரத்தையும். இங்குள்ள சட்டத்தில் ஒரு வசதி, நாம் செய்த மீறல் அந்த நஷ்டத்துக்குக் காரணமில்லை என்று நாம் காட்டினால் அதை வைத்துக் கம்பெனி மறுக்க முடியாது. நின்ற வண்டியை இடித்ததற்கும் மணி பத்தரை ஆனதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்தோம், பணம் வந்தது. பையனுக்கு அபராதம் தனி, வீட்டில் பூசை தனி.

இந்த நாட்டில் கார் இன்சூரன்ஸே கட்டாயமில்லை. ஆளுக்கு அடிபட்டால் ஏ.சி.சி. என்ற அரசுத் திட்டம் பார்த்துக்கொள்ளும். அதனால் இங்கே சண்டையெல்லாம் தகரத்துக்குத்தான்.

மாட்டுத்தாவணி_வக்கீல்:
நல்ல ஒப்பீடு. ரிவர்ஸ்கியர் விஷயத்தில் அந்த வாதம் எடுபடாது. பக்கத்தில் ஆள் இல்லாததுதான் காரணம் என்று கம்பெனி நேராகச் சொல்லும்.

வாடிப்பட்டி_அப்பா:
எங்கள் ஊரில் இதெல்லாம் யார் பார்க்கிறார்கள்? என் பையனுக்கு 16 வயது. தோட்டத்துக்கு அவன்தான் காரை எடுத்துப் போகிறான், என்னைவிட நன்றாக ஓட்டுவான்.

மாட்டுத்தாவணி_வக்கீல்:
ஐயா, கோபப்படாமல் கேளுங்கள். 16 வயதில் எல்.எல்.ஆர். தருவது 50 சி.சி.க்கு மேற்படாத டூவீலருக்கு மட்டும். காருக்கு 18. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் சேர்ந்த 199ஏ பிரிவுப்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நடந்தால் குற்றவாளி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர். மூன்று வருடம் வரை சிறை, 25,000 அபராதம், வண்டிப் பதிவு ஒரு வருடம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர். கிடையாது. எனக்குத் தெரியாது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். இங்கே எழுதியே கொடுத்துவிட்டீர்கள். இன்சூரன்ஸ் பக்கம் சொல்லவே வேண்டாம். யாருக்காவது ஏதாவது ஆனால் ரெக்கவரி உங்கள் தோட்டத்தின் மேல்தான் வரும்.

வாடிப்பட்டி_அப்பா:
சாவியை வாங்கி வைத்தாச்சு சார்.

செவ்வாய்பேட்டை:
நடுவில் ஒரு சந்தேகம். எனக்கு லைசென்ஸ் முடிந்து 12 நாள் ஆகிறது. 30 நாள் வரை செல்லும் என்றார்களே?

பழைய_சர்வேயர்:
அது பழைய கதை. முன்பு சட்டத்தில் அந்த 30 நாள் இருந்தது, 2019 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே ரினிவல் போடலாம், முடிந்து ஒரு வருடம் வரை டெஸ்ட் இல்லாமலும் போடலாம். ஆனால் இடைப்பட்ட நாளில் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாதவர் கணக்குத்தான். கையில் வரும்வரை வண்டியைத் தொடாதீர்கள்.

இதோடு இன்னொன்று. பாலிசியில் உரிமையாளர்–ஓட்டுநருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கிறதே, அதற்கும் ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் வேண்டும், அங்கேயும் விதி 3 வரும். புது வண்டியைத் தன் பெயரில் வாங்கி, எல்.எல்.ஆரில் தனியாக ஓட்டிப் பழகுகிற இளைஞர்கள் இதை யோசிப்பதே இல்லை. பம்பரைப் பற்றித்தான் கேட்பார்கள்.

ரிவர்ஸ்கியர்_திருப்பூர்:
உண்மையையே எழுதுவதென்று முடிவாகிவிட்டது. தூணுக்கு 9,000 கையிலிருந்து கொடுத்துவிடலாமா? எதிர் வீடு, முகம் பார்த்துப் பழக வேண்டும்.

பழைய_சர்வேயர்:
கொடுக்கலாம், ஆனால் கம்பெனிக்குச் சொல்லாமல் "எங்கள் தப்புதான், நாங்கள் தருகிறோம்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். கம்பெனி சம்மதமில்லாமல் பொறுப்பை ஏற்கக்கூடாது என்று பாலிசி நிபந்தனையிலேயே உண்டு. தூணுக்குக் கிளெய்ம் கேட்கப்போவதில்லை என்று முதலில் கம்பெனிக்கு மெயில் போடுங்கள். பிறகு பணத்தைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். தனியார் காருக்குத் தேர்டு பார்ட்டி சொத்து நஷ்டம் 7.5 லட்சம் வரை பாலிசியில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு தூணுக்காக விபத்து இழப்பீட்டு டிரிபியூனல் படி ஏறிய யாரையும் எனக்குத் தெரியாது.

பம்பருக்குக் கிளெய்ம் போடும் முன் என்.சி.பி. (நோ கிளெய்ம் போனஸ், கிளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) கணக்கும் பாருங்கள். மூன்று வருடம் கிளெய்ம் இல்லையென்றால் உங்களுக்கு 35 சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கிளெய்மில் பூஜ்யம். மறுபடி 20, 25 என்று ஏறி வர வேண்டும். 34,500-க்குப் போடலாம். ஏழாயிரம் எட்டாயிரம் என்றால் போடவே வேண்டாம் என்றிருப்பேன்.

ஃபாரத்தில் கதை எழுதாதீர்கள். யார் ஓட்டினார், எல்.எல்.ஆர். எண், தேதி, எல் போர்டு இருந்தது, பயிற்சி முழுவதும் நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள், ரிவர்ஸின்போது பாதுகாப்புக்காக இறங்கி வழிகாட்டினீர்கள். அவ்வளவு போதும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், போனில் சொன்னால் ஏற்காதீர்கள்.

ரிவர்ஸ்கியர்_திருப்பூர்:
போன் பேசியதையும் எழுத வேண்டுமா சார்?

பழைய_சர்வேயர்:
கேட்டால் மறைக்காதீர்கள். அவர்கள் கேட்பதற்கு முன் உங்கள் வீட்டம்மா சொல்லிவிடுவார் என்று நினைக்கிறேன்.

ரிவர்ஸ்கியர்_திருப்பூர்:
(மூன்று வாரம் கழித்து) பயந்தபடியே ஆனது. சர்வேயர் வந்தார், மரியாதையான மனிதர், எல்லாம் எழுதிக்கொண்டார். பத்தாம் நாள் கம்பெனியிலிருந்து போன்: "விதி 3 மீறல், ரிஜெக்ட்." எழுத்தில் கேட்டேன், நான்கு நாள் இழுத்தடித்து அனுப்பினார்கள். "சொன்னேனே சார்" என்று ஏஜென்ட் சிரிக்கிறார். மச்சான் வீட்டுக்கே வருவதில்லை.

மாட்டுத்தாவணி_வக்கீல்:
இனிமேல்தான் வேலை. கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மெயில் போடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லாவிட்டாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை, எனக்கு நஷ்டம்தான். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

மெயிலில் அமலேந்து சாகூ வழக்கைக் குறிப்பிடுங்கள். 2010 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. சொந்தக் காரை வாடகைக்கு விட்டது பாலிசி மீறல்தான், ஆனாலும் கிளெய்மை அடியோடு மறுக்காமல் "நான்–ஸ்டாண்டர்டு" முறையில் தீர்க்கலாம் என்று சொன்ன வழக்கு. அந்த முறையில் 75 சதவீதம் வரை தருவதுண்டு. உங்கள் வழக்குக்கு அச்சாகப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்.எல்.ஆர். செல்லுபடியானது, எல் போர்டு இருந்தது, லைசென்ஸ் உள்ளவர் அந்த இடத்திலேயே இருந்தார், எதையும் மறைக்கவில்லை. கேட்பதற்கு நியாயம் இருக்கிறது. முழுப் பணம் கேட்காதீர்கள், 75 கேளுங்கள்.

ரெண்டாம்_கியர்:
பொய் சொல்லியிருந்தால் கேட்டிருக்கவே முடியாது, இல்லையா? சரி சரி.

ரிவர்ஸ்கியர்_திருப்பூர்:
(இரண்டு மாதம் கழித்து) அப்டேட். முதல் மெயிலுக்கு அதே ரிஜெக்ட் கடிதத்தை மறுபடி அனுப்பினார்கள். "அப்படியானால் ஆம்பட்ஸ்மேனிடம் போகிறேன்" என்று இரண்டாவது மெயில் போட்டதும் ஒரு அம்மா போன் செய்து நிதானமாகப் பேசினார். நான்–ஸ்டாண்டர்டாக முடித்துக்கொள்ளச் சம்மதமா என்றார். 34,500-இல் கட்டாயக் கழிவு (கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய தொகை) 1,000 போக 33,500, அதில் 75 சதவீதம் 25,125. நேற்று அக்கவுண்டில் விழுந்தது. என்.சி.பி. போய்விட்டது. தூணுக்குக் கொடுத்த 9,000 என் கையிலிருந்து போனது. எதிர் வீட்டுக்காரர் தூணைக் கட்டி முடித்துவிட்டார், பெயின்ட் மட்டும் பழைய தூணோடு சேரவில்லை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கிளட்ச்_அக்கா:
தங்கச்சிக்கு டெஸ்ட் என்ன ஆனது? ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும்.

ரிவர்ஸ்கியர்_திருப்பூர்:
மனைவிதான். வியாழக்கிழமை டெஸ்ட். ரிவர்ஸ் பழக பெரியப்பா பையன் பின்னால் நின்று பார்க்கிறான். இவர் பக்கத்து சீட்டில்தான், போன் என் ஹேண்ட்பேகில்.